வாசகர் கேள்விகள்: மைதுகுரியில் மூண்ட நெருப்பு

நைஜீரியாவின் வடகிழக்கில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாமல் நடந்துவரும் போரைப் பற்றியும், அதை நடத்தும் போகோ ஹராம் இயக்கத்தின் தலைவர்களைப் பற்றியும் வாசகர்கள் தொடர்ந்து எழுதிக் கேட்டுவருகிறார்கள். ஒரே பொருளைத் தொட்டு நிற்கும் கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

‘போகோ ஹராம்’ என்ற பெயருக்குச் சரியான பொருள் என்ன? அவர்களே சூட்டிக்கொண்ட பெயரா அது? (ஆசிரியை ஒருவர், கும்பகோணம்)

இல்லை, ஊரார் வைத்த பெயர் அது. அவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட அரபுப் பெயர் ‘ஜமாஅத்து அஹ்லிஸ் சுன்னா லித்தஃவதி வல் ஜிஹாத்’. நபிவழியைப் பரப்பவும் ஜிஹாத் செய்யவும் கூடிய சபை என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஹராம் என்றால் மார்க்கம் விலக்கியது என்பது நமக்குத் தெரியும். போகோ என்பது ஹௌசா மொழிச் சொல். ஆங்கிலத்தின் ‘புக்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. போலியானது, ஏமாற்று என்பதுதான் அதன் பழைய பொருள். ஆங்கிலேயர் 1903இல், வடக்கை ஆண்ட சொகோட்டோ சுல்தானகத்தை வீழ்த்தித் தங்கள் பள்ளிக்கூடங்களைத் திறந்தபோது, குர்ஆன் பள்ளிகளில் கற்பிப்பதே உண்மையான கல்வி என்று நம்பிய மக்கள், வெள்ளைக்காரன் தந்த புதுக் கல்வியைப் ‘போகோ’ என்றார்கள். எனவே இந்தச் சொல்லில் இருக்கும் கசப்பு, இயக்கம் பிறப்பதற்கு நூறாண்டு முன்பே அந்த மண்ணில் ஊறியிருந்த ஒன்று.

இப்படியோர் இயக்கம் திடீரென முளைத்துவிடுமா? வறுமைதான் காரணம் என்று சிலரும், மதவெறிதான் காரணம் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி? (வங்கி ஊழியர், திருநெல்வேலி)

இரண்டுமே வேண்டும், ஆனால் இரண்டும் போதாது. நைஜீரியாவின் வடக்கு முழுவதும் வறியதுதான். எனினும் இந்தத் தீ பற்றிய இடம் போர்னோ மாநிலம், அதிலும் அதன் தலைநகரான மைதுகுரி. ஏன் அங்கே என்று கேட்டால் முகமது யூசுப் என்ற மனிதரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

1970இல் யோபே பகுதிச் சிற்றூர் ஒன்றில் பிறந்த யூசுப், பேச்சுத்திறன் மிக்க இளம் ஆலிம், அதாவது மார்க்க அறிஞர். கானோ நகரின் புகழ்பெற்ற சலஃபி (தொடக்ககால இஸ்லாத்துக்குத் திரும்பச் சொல்லும் பிரிவு) அறிஞர் ஷேக் ஜஅஃபர் மஹ்மூத் ஆதமின் நிழலில் வளர்ந்தவர். 1999இல் சம்ஃபாரா மாநிலம் தொடங்கிவைக்க, வடக்கின் 12 மாநிலங்கள் அடுத்தடுத்து ஷரீஅத் சட்டத்தைக் குற்றவியலுக்கும் விரித்தன. ஊழல் ஒழியும், நீதி கிடைக்கும் என்று ஏழைகள் எதிர்பார்த்தார்கள். திருடியவனின் கை வெட்டப்பட்டதே தவிர, கஜானாவைச் சுரண்டியவர்களின் வீடுகள் உயர்ந்துகொண்டே போயின. அந்த ஏமாற்றத்தை யூசுப் கையில் எடுத்துக்கொண்டார். ஷரீஅத்தை அரைகுறையாக ஏற்றதுதான் குற்றம், இந்த அரசே ஏற்கத்தகாதது, இதன் பள்ளியில் படிப்பதும் இதனிடம் வேலை பார்ப்பதும் ஹராம் என்று அவர் போதித்தார்.

2002 வாக்கில், மைதுகுரியின் ரயில்வே குடியிருப்புப் பகுதியில், மாமனார் பாபா ஃபூகு முகமது தந்த நிலத்தில் அவர் தம் பள்ளிவாசலை எழுப்பினார். அங்கே போதனை மட்டும் நடக்கவில்லை. வேலையற்ற இளைஞர்களுக்குச் சோறும் தங்க இடமும் கிடைத்தன; பெண் தேட வழியில்லாதவர்களுக்குத் திருமணமும் நடந்தது. நகரத்தில் யாருக்கும் வேண்டாதவனாகத் திரிந்த ஒருவனைப் பெயர் சொல்லி அழைத்து உட்காரவைத்த இடம் அது ஒன்றுதான். இதை உணராமல் வெறும் கொள்கையை மட்டும் அலசினால் இந்த இயக்கம் நமக்குப் புரியாது என்பது என் உறுதியான கருத்து.

அரசியல்வாதிகளுக்கும் இந்தக் கூட்டம் தேவைப்பட்டது. 2003 தேர்தலுக்குப் பின் அமைந்த போர்னோ அரசில் யூசுபின் ஆதரவாளர் புஜி ஃபோய் சமய விவகாரப் பொறுப்பைப் பெற்றார். நம் ஊர்க் கணக்கில் அது அமைச்சர் பதவி.

தலைக்கவசச் சட்டத்தால்தான் போர் தொடங்கியது என்று படித்தேன். நம்ப முடியவில்லையே! (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

நம்பத்தான் வேண்டும், ஆனால் அது கடைசித் தீப்பொறி மட்டுமே. 2009 ஜனவரியில் நைஜீரியா முழுவதும் இருசக்கர வாகனத்தில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அங்கே மோட்டார் சைக்கிள்தான் ஏழைகளின் வாடகை வண்டி. கவசம் வாங்கப் பணமில்லாமல் சிலர் உலர்ந்த சுரைக்குடுக்கையைத் தலையில் கவிழ்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். அந்த அளவுக்கு அந்தச் சட்டம் மக்களின் கைக்கு எட்டாமல் இருந்தது.

ஜூன் மாதம் யூசுபின் சீடர்கள் ஓர் இறுதி ஊர்வலத்தில் கவசமின்றிச் சென்றார்கள். மைதுகுரியில் கொள்ளையரை ஒடுக்க நிறுத்தப்பட்டிருந்த கூட்டுப் படையினர் அவர்களை மறித்தார்கள். வாக்குவாதம் முற்றித் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, 17 பேர் காயமடைந்தார்கள். அதற்குப் பதிலோ விசாரணையோ இல்லாதபோது, யூசுப் அரசுக்குப் பகிரங்கக் கடிதம் விடுத்து எச்சரித்தார். ஜூலை 26 அன்று பௌச்சி நகரில் காவல் நிலையத் தாக்குதலுடன் கிளர்ச்சி வெடித்து மைதுகுரிக்குப் பரவியது. ஐந்தே நாளில் ராணுவம் அதை நசுக்கியது. பள்ளிவாசல் தரைமட்டமானது. இறந்தவர்கள் எண்ணூறு பேருக்கும் மேல்.

அதற்கடுத்து நடந்ததைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஜூலை 30 அன்று ராணுவம் யூசுபை உயிரோடு பிடித்தது. மேலாடையின்றி, கையில் கட்டுடன் தரையில் உட்கார்ந்திருக்கும் அவரைச் சிப்பாய்கள் விசாரிக்கும் கைப்பேசிப் பதிவு ஒன்று இருக்கிறது. மேற்கத்தியக் கல்வி ஹராம் என்கிறாயே, உன் வீட்டில் கணினி எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். அதெல்லாம் வெறும் தொழில்நுட்பம், நான் சொல்வது வேறு என்று அவர் தாழ்ந்த குரலில் பதில் சொல்கிறார். அதே ஆண்டில் அளித்த ஒரு பேட்டியில், நீராவி குளிர்ந்து மழையாகிறது என்பதைக்கூட ஏற்க மறுத்தவர் அவர். அவரோடு நீதிமன்றத்தில், மக்கள் முன்னிலையில் வாதிட்டிருக்க முடியும். அவர் கருத்தின் ஓட்டைகள் அங்கே வெளிப்பட்டிருக்கும். ஆனால் ராணுவம் அவரைக் காவல்துறையிடம் ஒப்படைத்த சில மணி நேரத்தில் குண்டுகள் துளைத்த அவர் உடலைத்தான் செய்தியாளர்களுக்குக் காட்டினார்கள். தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார் என்றது காவல்துறை. நல்ல உடல்நிலையில்தான் ஒப்படைத்தேன் என்றார் பிடித்த ராணுவ அதிகாரி.

அவரோடு மாமனார் பாபா ஃபூகுவும் முன்னாள் அமைச்சர் புஜி ஃபோயும் காவலில் இருந்தபோது கொல்லப்பட்டார்கள். பாபா ஃபூகு தாமாகவே காவல்துறையிடம் சென்ற முதியவர். அவர் குடும்பத்துக்கு 10 கோடி நைரா இழப்பீடு வழங்க நீதிமன்றம் பின்னர் உத்தரவிட்டது.

யூசுபுக்குப் பின் வந்த ஷெக்காவ் அவரைவிடக் கொடியவர் என்கிறார்களே, ஒரே இயக்கத்தில் இத்தனை மாற்றம் எப்படி வந்தது? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், சேலம்)

பேசிப் பழகக்கூடியவர்கள் செத்துப்போனார்கள். பேச விரும்பாதவர் பிழைத்துக்கொண்டார். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அபூபக்கர் ஷெக்காவ் யூசுபுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். 2009 சண்டையில் அவரும் இறந்துவிட்டதாகவே காவல்துறை அறிவித்தது. ஓராண்டுக்குப் பின், 2010 ஜூலையில், அவரே காணொளியில் தோன்றித் தாமே தலைவர் என்றார். செப்டம்பரில் பௌச்சிச் சிறையை உடைத்துச் சுமார் 700 கைதிகளை அவருடைய ஆட்கள் வெளியே கொண்டுவந்தார்கள். 2011 ஆகஸ்டில் தலைநகர் அபுஜாவின் ஐ.நா. கட்டடத்தில் வண்டிக் குண்டு வெடித்து 23 பேர் இறந்தார்கள். 2012 ஜனவரி 20 அன்று கானோவில் ஒரே நாளில் 180 பேருக்கு மேல் மாண்டார்கள்.

சமாதான முயற்சி நடக்காமல் இல்லை. 2011 செப்டம்பரில் முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோ மைதுகுரிக்கு நேரில் சென்று பாபா ஃபூகுவின் மகனைச் சந்தித்துப் பேசினார். இரண்டு நாள் கழித்து அந்த மகன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

யூசுபின் போதனை கூட்டம் சேர்ப்பதற்காக இருந்தது. ஷெக்காவின் கொள்கையோ கூட்டத்திலிருந்து விலக்குவதற்காக இருந்தது. பிற முஸ்லிம்களை இறைமறுப்பாளர் என்று தீர்ப்பளிப்பதைத் தக்ஃபீர் என்பார்கள். அதை அவர் எல்லையின்றி நீட்டினார். அரசின் பகுதியில் வாழ்ந்தாலே, வாக்களித்தாலே, தம்மிடம் வந்து சேராதிருந்தாலே ஒருவர் முஸ்லிம் அல்லர், அவர் உயிருக்கும் உடைமைக்கும் காப்பில்லை என்றார். அவருடைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கத்துவார், தலையைச் சொறிவார், இடையில் பெரிதாகச் சிரிப்பார். பித்துப் பிடித்தவர் என்று பலர் அவரைக் குறைத்து எடைபோட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள், மூன்று அதிபர்களின் காலத்தில், அவர் உயிரோடும் தலைமையிலும் இருந்தார். ராணுவம் அவர் இறந்ததாகத் திரும்பத் திரும்ப அறிவித்தது. ஒவ்வொரு முறையும் அவர் புதுக் காணொளியோடு வந்தார். அமெரிக்கா 2013இல் அவர் தலைக்கு 70 லட்சம் டாலர் விலை வைத்தது.

அரசின் பங்கையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 2014 மார்ச் 14 அன்று மைதுகுரியின் கிவா ராணுவ முகாமை இயக்கத்தினர் தாக்கி அங்கிருந்த கைதிகளைத் திறந்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்தவர்கள். தப்பியோடியவர்களில் 600க்கும் மேற்பட்டோரை ராணுவம் பிடித்துச் சுட்டுக் கொன்றதாக ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு பதிவு செய்திருக்கிறது. மகன் கிவாவுக்குப் போனான், திரும்பவில்லை என்று சொல்லும் தாய்மார்கள் மைதுகுரியில் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, அரசின் பக்கம் நில்லுங்கள் என்று அவர்களின் பிற பிள்ளைகளிடம் யார் போய்ச் சொல்வது?

சிபோக் மாணவிகள் இன்னும் திரும்பவில்லையா? (இல்லத்தரசி, ஈரோடு)

எல்லோரும் திரும்பவில்லை. 2014 ஏப்ரல் 14 இரவு, போர்னோ மாநிலத்தின் சிபோக் ஊரில், தேர்வு எழுதுவதற்காகப் பள்ளி விடுதியில் தங்கியிருந்த 276 மாணவிகளை, ராணுவ உடையில் வந்த போகோ ஹராம் ஆட்கள் லாரிகளில் ஏற்றிச் சென்றார்கள். காப்பாற்ற வந்த சிப்பாய்கள் என்றே அந்தப் பிள்ளைகள் முதலில் எண்ணினார்கள். ஓடும் வண்டியிலிருந்து குதித்தும் மரக்கிளையைப் பற்றித் தொங்கியும் 57 பேர் தப்பினார்கள். பிடிபட்ட மாணவிகளைச் சந்தையில் விற்பேன் என்று ஷெக்காவ் மே மாதம் காணொளியில் சொன்னார். 2016 அக்டோபரில் 21 பேரும், 2017 மே மாதம் 82 பேரும் பேச்சுவார்த்தையின் மூலம் விடுவிக்கப்பட்டார்கள். பத்தாண்டு கழிந்த பின்னும் எண்பதுக்கும் மேற்பட்டோரைப் பற்றித் தகவல் இல்லை.

உலகம் முழுவதும் சிபோக்கைப் பேசியது நல்லதே. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரியில், புனி யாடி என்ற ஊரின் பள்ளி விடுதியில் 59 மாணவர்களை இதே இயக்கம் சுட்டும் எரித்தும் கொன்றது. அந்தச் சிறுவர்களுக்காக யாரும் பதாகை பிடிக்கவில்லை. கடத்திய பெண்களிலும் சிறுமிகளிலும் பலரைப் பின்னர் வெடிகுண்டு கட்டிச் சந்தைகளுக்கு அனுப்பினார்கள் என்பதையும் உங்களைப் போன்ற தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இது கிறிஸ்தவர்களுக்கு எதிரான போர்தானே? (வாசகர், நாகர்கோவில்)

கிறிஸ்தவர்கள் நிறையவே கொல்லப்பட்டார்கள், தேவாலயங்கள் எரிக்கப்பட்டன, சிபோக் மாணவிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களே. ஆனால் போர் நடக்கும் நிலம் பெரும்பான்மை முஸ்லிம்கள் வாழும் நிலம். செத்தவர்களில் மிகுதியானவர்கள் அவர்கள்தாம். யூசுபின் ஆசானாக இருந்து பிறகு அவரைப் பகிரங்கமாகக் கண்டித்த ஷேக் ஜஅஃபர், 2007 ஏப்ரலில் கானோவில் அதிகாலைத் தொழுகையை நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். குவோசா நகரத்தின் எமீர், அதாவது மரபுவழி முஸ்லிம் தலைவர், 2014 மே மாதம் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில், மக்கள் தற்காப்புக்குத் தயாராக வேண்டும் என்று கானோ எமீர் அழைப்பு விடுத்த சில நாளில், அவருடைய அரண்மனையை அடுத்த பெரிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது குண்டுகள் வெடித்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். இந்த இயக்கத்தை முதலில் எதிர்த்து நின்றவர்கள் அந்த ஊர் உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள். 2013இல் மைதுகுரித் தெருக்களில் தடியும் கத்தியும் ஏந்தி அதை விரட்டியவர்கள் அந்த ஊர் இளைஞர்கள்.

ஐ.எஸ். அமைப்போடு சேர்ந்தவரை ஐ.எஸ்.ஸே நீக்கியது என்கிறார்களே, எப்படி? ஷெக்காவ் கடைசியில் எப்படி இறந்தார்? (மருத்துவர், சென்னை)

2014 ஆகஸ்டில் குவோசாவைக் கைப்பற்றி ஷெக்காவ் தனி ஆட்சி அறிவித்தார். அப்போது அவர் கையில் போர்னோவின் பெரும்பகுதி இருந்தது. 2015 தொடக்கத்தில் சாட், நைஜர், கேமரூன் படைகளும் சேர்ந்து தாக்க, ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கையை விட்டுப் போயின. அந்த நெருக்கடியில்தான், மார்ச் 7 அன்று, அவர் ‘இஸ்லாமிய அரசு’ எனப்படும் ஐ.எஸ். அமைப்பின் தலைமைக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார். இயக்கத்துக்கு ‘மேற்கு ஆப்பிரிக்க மாகாணம்’ என்ற புதுப் பெயர் வந்தது.

ஆனால் அவரோடிருந்த தளபதிகள் பலருக்கே பொறுமை போய்க்கொண்டிருந்தது. முஸ்லிம்களின் சந்தையிலும் பள்ளிவாசலிலும் குண்டு வைப்பதும், மாற்றுக் கருத்துச் சொன்ன சொந்த ஆட்களைக் கொல்வதும் மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று அவர்கள் ஐ.எஸ். தலைமைக்கு முறையிட்டார்கள். 2016 ஆகஸ்டில் ஐ.எஸ். தன் வார இதழில் புதுத் தலைவரை அறிவித்தது. அவர் அபூ முஸ்அப் அல்பர்னாவி. கொல்லப்பட்ட முகமது யூசுபின் மகன். ஷெக்காவ் பதவியை விட மறுத்து, பழைய பெயரோடு போர்னோவின் சம்பிசா காட்டில் தங்கினார். யூசுபின் மகனுடைய அணி சாட் ஏரிக் கரைகளையும் தீவுகளையும் தன் இடமாக்கிக்கொண்டது.

அந்த அணி மென்மையானது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ராணுவ முகாம்களை அழித்தது. உதவிப் பணியாளர்களைக் கடத்திக் கொன்றது. 2018 பிப்ரவரியில் தாப்சி பள்ளியிலிருந்து 110 சிறுமிகளைக் கொண்டுபோனது. ஆனால் ஆளத் தெரிந்த அணி அது. மீனவரிடமும் உழவரிடமும் மேய்ப்பரிடமும் வரி வாங்கியது. பதிலுக்குச் சந்தைக்குப் பாதையும் வழக்குக்குத் தீர்ப்பும் தந்தது. அதற்குள்ளும் தலைமைப் பூசல் ஓயவில்லை. மூத்த தளபதி மம்மன் நூர் 2018இல் சொந்த ஆட்களாலேயே கொல்லப்பட்டார். 2019 மார்ச்சில் அபூ முஸ்அபும் சிலகாலம் பதவியிழந்தார்.

2021 மே மாதம் அந்த அணியின் வண்டிகள் சம்பிசா காட்டுக்குள் நுழைந்தன. காவலர்கள் வீழ்ந்தபின் ஷெக்காவ் சில நாள் புதருக்குள் அலைந்தார். சரணடையுமாறு அவர்கள் கேட்டபோது, உடலில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச்செய்து மாண்டார். இதை அறிவித்த ஒலிப்பதிவில் பேசிய குரல் யூசுபின் மகனுடையது.

ஷெக்காவ் செத்த பிறகு அமைதி திரும்பியிருக்க வேண்டுமே? (பள்ளி மாணவர், தஞ்சாவூர்)

தம்பி, சரணடைந்தவர்கள் உண்டு. அவர் இறந்த இரண்டு ஆண்டுகளில் போராளிகளும் அவர்களுடைய மனைவி மக்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காட்டிலிருந்து வெளியே வந்தார்கள். போராட விரும்பாமல் அவருக்கு அஞ்சியே அங்கிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை இது காட்டுகிறது. எஞ்சியவர்கள் பகூரா என்பவரின் கீழ் சாட் ஏரித் தீவுகளில் திரண்டு, யூசுபின் மகன் நடத்திய அணியோடு ஏரிக்காகச் சண்டையிட்டு வருகிறார்கள். இரு தரப்புக்கும் நடுவே அகப்பட்டவர்கள் உழவரும் மீனவரும்.

அவர்கள் நிலையை ஓர் ஊரை வைத்துச் சொல்கிறேன். மைதுகுரிக்கு அருகில் சபர்மாரி என்ற நெல் விளையும் ஊர் இருக்கிறது. நீங்கள் வாழும் தஞ்சை வட்டாரத்தைப் போல அறுவடைக் காலத்தில் வெளியூர் ஆட்கள் வந்து கூலிக்கு அறுக்கும் ஊர். 2020 நவம்பரில் தங்களிடம் வந்து சாப்பாடு கேட்டு மிரட்டிய இயக்கத்தான் ஒருவனை அங்கிருந்தவர்கள் பிடித்து அரசிடம் ஒப்படைத்தார்கள். அரசு செய்யச்சொன்னதைத்தான் செய்தார்கள். அதற்குப் பழிவாங்க ஷெக்காவின் ஆட்கள் 28ஆம் தேதி அறுவடை வயலுக்கே வந்து, கூலியாட்களைக் கட்டிப்போட்டுக் கழுத்தை அறுத்தார்கள். மறுநாள் 43 உடல்களை வரிசையாகக் கிடத்தித் தொழுது அடக்கம் செய்தார்கள். இறந்தவர் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்று ஐ.நா. அதிகாரி கூறினார்.

இந்தப் போரால் 2020 இறுதிவரை வடகிழக்கில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்ட ஆய்வு கணித்தது. அவர்களில் பத்தில் ஒருவர்தான் குண்டுக்கும் கத்திக்கும் இரையானவர்; மற்றவர்கள் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள், பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மைதுகுரியின் அகதி முகாம்களை மாநில அரசு 2021 முதல் மூடிவருகிறது. சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அகழி வெட்டிய காவல் நகரங்களில் வாழ்கிறார்கள். அகழிக்கு வெளியே சிறிது தொலைவு வரைதான் உழலாம். அதைத் தாண்டி விறகு பொறுக்கப் போகிறவர்கள் திரும்புவது உறுதியில்லை.